கட்டைவிரல் காட்டத் தயங்கினேன்: நான்கு வருடக் கூட்டாளியோடு இனி குகைக்குள் போகலாமா?

மெல்லலை எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் என் கூட்டாளியும் நான்கு வருடமாகச் சேர்ந்து குகை டைவ் செய்கிறோம். டைவ் பதிவேட்டில் (லாக்) எண்ணிப் பார்த்தேன், அவரோடு மட்டும் 143 டைவ். நீருக்குள் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஃபின் அசைவு அவ்வளவு சுத்தம், தரையில் படிந்திருக்கும் வண்டலில் ஒரு துகள்கூடக் கிளம்பாது. வாசலுக்குத் திரும்ப வழிகாட்டும் கயிற்றை அவர் கட்டுவதை மற்ற டைவர்கள் நின்று பார்ப்பார்கள். இருட்டில் முகமூடியைக் கழற்றி மாட்டச் சொன்னாலும் பதற மாட்டார்.

சிக்கல் நீருக்கு வெளியே. இந்த வருடம் இரண்டு டைவ்களை நான் கட்டைவிரல் காட்டி (டைவை முடித்துத் திரும்பலாம் என்ற சைகை) முடித்தேன். முதல் முறை, எங்கள் குமிழிகள் பட்டுக் கூரையிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருந்தது, பின்னால் திரும்பிப் பார்த்தால் கயிறே மங்கலாகத்தான் தெரிந்தது. காட்டினேன். அவரும் உடனே காட்டினார், திரும்பினோம், ஒழுங்காக வெளியே வந்தோம். மேலே வந்த பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சிலிண்டரை இறக்கி வைத்தார், ரெகுலேட்டரைக் கழற்றினார், கயிற்று ரீலைச் சுற்றினார், எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அரை மணி நேரம் கழித்து, "உன்னிடம் 158 பார் இருந்ததே" என்றார். அவ்வளவுதான். (பார் என்பது சிலிண்டரில் இருக்கும் காற்றின் அழுத்தம். 210 பாரில் தொடங்கினோம், திரும்ப வேண்டிய அளவு 140.) இரண்டாவது முறையும் இதே கதை.

போன வாரம் முதன்மைக் கயிற்றிலிருந்து பிரிந்து போகும் கிளைப் பாதையில் இருந்தோம். என் விளக்கு இரண்டு தடவை மங்கி மங்கி எரிந்தது. மாற்று விளக்குகள் இரண்டு இருந்தன, உடனடி ஆபத்து இல்லை. ஆனால் முதன்மை விளக்கில் சந்தேகம் வந்தால் டைவ் முடிந்தது என்பதுதான் எங்கள் விதி. என் கை மார்புக்கு முன்னால் வரை வந்தது. அங்கேயே நின்றது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ரீல் சுற்றுகிற காட்சி கண்முன் வந்தது. கையை இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் முன்னோக்கி நீந்தினேன், கம்ப்யூட்டரில் நேரம் பார்த்ததால் சரியாகத் தெரியும். 140 பாரில் அவரே திரும்பினார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரோடு பேசுவதா, ஆளை மாற்றுவதா? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?


மூன்றிலொன்று எழுதியது:

"ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகியிருக்கிறது. விளக்கு மங்கியதைவிட உங்கள் கை இறங்கியதுதான் பெரிய சம்பவம், லாக்கில் அதை அப்படியே எழுதி வையுங்கள்.

குகைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பது, எந்த டைவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும்கூட டைவை முடிக்கலாம் என்பது. ஓகே, நில், திரும்பு என்ற மூன்று சைகைகளுக்குத்தான் கட்டாயம் பதில் சைகை காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் பேச்சு மாதிரி. திரும்பு என்றால் விவாதம் கிடையாது. ஏன் இவ்வளவு கறாராக வைத்தார்கள்? திறந்த கடலில் பயந்தால் மேலே போகலாம். குகையில் மேலே கல். வந்த வழியேதான் போக வேண்டும், அந்த வழியின் நீளம் ஒவ்வொரு நிமிடமும் கூடிக்கொண்டே இருக்கிறது. தயக்கத்துக்கு அங்கே கணக்கு இருக்கிறது: நீங்கள் முன்னோக்கிப் போன ஐந்து நிமிடம் திரும்பி வர இன்னொரு ஐந்து நிமிடம் கேட்கும்.

அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1979-ல் எழுதிய கையேட்டில் குகை மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வாசல் வரை தொடர்ச்சியான கயிறு இல்லாதது, காற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெளியே வருவதற்கு ஒதுக்காதது, அளவு மீறிய ஆழம், இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. பிற்பாடு பயிற்சியும் விளக்குகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இந்த விதிகள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மீறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற ஆளுக்காகத்தான் மீறுகிறார்கள். அவர் முன்னால் பயந்தவராகத் தெரியக் கூடாது, அவர் நாளைக் கெடுக்கக் கூடாது. இந்த இழையில் பேச வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.


வேகமானி எழுதியது:

நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவர் நீருக்குள் திரும்பினாரா? திரும்பினார். உடனே பதில் சைகை காட்டினாரா? காட்டினார். விதி கேட்பது அவ்வளவுதான். மேலே வந்து அவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒரு டைவுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது, வாயு கலக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், சாமான் முழுக்கச் சுமந்து போக வேண்டும். பாதியில் முடிந்தால் ஏமாற்றம் வரத்தான் செய்யும். அதை அவர் மறைக்கவில்லை, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் கறுவுகிறவரைவிட முகத்தில் காட்டுகிறவர் மேல்.

கையை இறக்கியது நீங்கள். அதை அவர் மேல் ஏற்றுவது நியாயமில்லை என்று படுகிறது. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், 143 டைவ் செய்த கூட்டாளியை இரண்டு முகபாவத்துக்காக விட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறேன்.


மூன்றிலொன்று எழுதியது:

ஏமாற்றம் இருக்கட்டும், வேகமானி. "158 பார் இருந்ததே" என்பது ஏமாற்றம் இல்லை, விசாரணை. காற்று மிச்சமிருந்தது என்பதைத் திரும்பியதற்கு எதிரான சாட்சியாக வைக்கிறார். காற்று மிச்சமிருக்கும்போது திரும்புவதற்குத்தான் அந்த விதியே.


நுரைக்குமிழி எழுதியது:

உளவியல் படிக்கிறேன், டெக்னிக்கல் டைவிங் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது, அதனால் இந்த இழை எனக்கு இரட்டை ஆர்வம்.

வெளியே இருப்பவர்கள் நம்மைப் பார்த்து "சிலிர்ப்பு தேடுகிறவர்கள்" என்பார்கள். உளவியலாளர் மார்வின் சக்கர்மேன் 1960-களில் இதற்கென்றே ஒரு அளவுகோல் உருவாக்கினார். அதில் நான்கு பிரிவு: சாகச விருப்பம், புது அனுபவ விருப்பம், கட்டுப்பாட்டை உதறும் போக்கு, சலிப்பைத் தாங்க முடியாமை. ஆபத்தான காரியம் செய்கிறவர்கள் எல்லோரையும் ஒரே சட்டியில் போட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். குகை டைவர்களில் நான் பழகியவர்கள் பலர் முதல் இரண்டில் நிறையவும், சலிப்பு விஷயத்தில் மிகக் குறைவாகவும் இருப்பவர்கள். உடலில் சேர்ந்த வாயு வெளியேறுவதற்காக, மேலே வருமுன் ஆறு மீட்டர் ஆழத்தில் ஆக்ஸிஜன் மூச்சில் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பவருக்குச் சலிப்பு வந்தால் ஆகாது. ஒரே வால்வை மூன்று தடவை திறந்து மூடிப் பார்க்கிற குணம் வேண்டும். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்த இருவரில் ரிக் ஸ்டான்டன் தீயணைப்பு வீரராக இருந்தவர், ஜான் வொலாந்தன் கணினித் துறைக்காரர். மயக்க மருந்து கொடுத்த ரிச்சர்ட் ஹாரிஸ் மயக்கவியல் மருத்துவர். இவர்கள் வேலையே நிதானத்தில் ஓடுவது.

ஆனால் நிதானம் என்பதை நாம் கும்பிட ஆரம்பித்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். பேசாமல் இருப்பதும் நிதானமும் ஒன்றில்லை. மெல்லலையின் கூட்டாளி நீருக்குள் பதறாதவர், சரி. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவர் பதறாமல் இருக்கும்போது, எதிரே இருப்பவருக்கு அது தீர்ப்பு மாதிரித் தெரியும். நாலு வார்த்தை சொல்லி முடிக்க வேண்டியதை முதுகு சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. சமூகவியலாளர் டயான் வாகன் சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்து 1996-ல் எழுதியதில் ஒரு கருத்து வரும்: ஒரு மீறல் நடந்து ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த முறை அது மீறலாகவே தெரியாது, புது வழக்கமாகிவிடும். மங்கும் விளக்கோடு ஐந்து நிமிடம் போய் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை பத்து நிமிடம் போவது எளிது.


பழையகயிறு எழுதியது:

முப்பது வருடத்தில் கூட்டாளிகள் மாறியிருக்கிறார்கள், சிலர் இப்போது இல்லை. அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

2017 ஏப்ரலில் மயோர்கா தீவில் ஒரு நீரடிக் குகை. சிஸ்கோ கிராசியா, கியேம் மாஸ்கரோ இருவரும் உள்ளே. வண்டல் கிளம்பிக் கண் தெரியாமல் போய், கயிறும் கைவிட்டுப் போனது. தடவித் தேடியதில் மிச்சமிருந்த காற்று ஒருவர் வெளியேறத்தான் காணும் என்ற நிலை. காற்றறை ஒன்று இருந்தது, அதில் ஏறி உட்கார்ந்து பேசினார்கள். மாஸ்கரோ ஒல்லியானவர், குறைவாக மூச்சிழுப்பவர், அவர் போவதென்று முடிவு. கிராசியா இருட்டில், கரியமில வாயு கூடிக்கொண்டிருந்த காற்றில், கிட்டத்தட்ட 60 மணி நேரம் இருந்தார். நண்பர்கள்தான் வந்து கூட்டிப்போனார்கள்.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பேச்சு. யார் போவது என்பதை இரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். ஒருவர் காற்று முழுவதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருகிறார். போனவர் எப்படியும் ஆளைக் கூட்டி வருவார் என்று நம்புகிறார். மெல்லலை, உங்கள் கூட்டாளியோடு அந்த அறையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு நடக்குமா என்று யோசியுங்கள். விளக்கு மங்குகிறது என்று சொல்லவே வாய் வராத இடத்தில் இது எப்படி நடக்கும்?

விசுவாசமும் நம் ஆட்களின் குணம்தான். 2014-ல் நார்வேயின் ப்ளூரா குகையில் ஃபின்லாந்து டைவர்கள் இருவர் இறந்தார்கள், 100 மீட்டருக்கும் கீழே. ஆபத்து அதிகம் என்று அதிகாரப்பூர்வ மீட்பு கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நண்பர்கள் யாருக்கும் சொல்லாமல் போய் உடல்களை எடுத்து வந்தார்கள், அந்த டைவில் உயிர் தப்பியவர்களும் அதில் உண்டு. அதற்கு முன் 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் நீரடிக் குகையில் டேவ் ஷா, பத்து வருடம் முன்பு இறந்த ஓர் இளைஞனின் உடலை எடுக்க 270 மீட்டர் போய் அங்கேயே இறந்தார். கூட்டாளி டான் ஷர்லி அவர் விளக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்து அவரை நோக்கி இறங்கினார். விட்ட மூச்சையே சுத்திகரித்து மறுபடி தரும் ரீபிரீதர் கருவியில் கோளாறு வந்ததால்தான் திரும்பினார், உட்காதில் அழுத்த நோய் தாக்கி மேலே வந்து சேர்வதற்குள் சாவைத் தொட்டு மீண்டார். அவரை யாராவது குறை சொல்வார்களா? நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டாளியின் மேல் வைக்கும் பாசம் நம்மை நம் கணக்குக்கு வெளியே இழுத்துவிடும். அது முகம் வாடுமோ என்று கை இறங்குவதாகவும் இருக்கலாம், ஷர்லி மாதிரி அந்த ஆழத்தில் இன்னும் கீழே இறங்குவதாகவும் இருக்கலாம்.


ஒற்றைத்தும்பி எழுதியது:

நான் தனியாகப் போகிறவன். ஒடுங்கிய நீரடிப் பொந்துகளில், தோளை ஒரு பக்கம் சாய்த்தால்தான் நுழைய முடியும் என்ற இடங்களில், பின்னால் இன்னொருவர் வருவது உதவியில்லை, அடைப்பு. பிரிட்டனில் இந்த மரபு பழையது, 1935-ல் வூக்கி ஹோல் குகையில் தொடங்கிய வேலை, குகை டைவிங் குழுவாகச் சேர்ந்தது 1946-ல். அங்கே ஒவ்வொருவரும் தன் சிலிண்டர்களோடு தனித்தனியாகப் போய்த் தனித்தனியாக வருவதுதான் வழக்கம்.

சொல்ல வந்தது இதுதான். தனியாகப் போகும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நான் திரும்பிய டைவ்களுக்குக் கணக்கே இல்லை, ஒரு முறை கையுறைக்குள் நீர் சில்லென்று ஏறியது, அவ்வளவுதான், திரும்பிவிட்டேன். மெல்லலையின் கூட்டாளி ஒருவேளை தனியாகப் போக வேண்டிய ஆளோ என்னவோ. எல்லோரும் ஜோடிக்கு ஏற்றவர்கள் இல்லை, அதில் குற்றமும் இல்லை.


மூன்றிலொன்று எழுதியது:

தும்பி, உங்களைப் போல் கையுறை நனைந்ததற்குத் திரும்புகிறவருக்குத் தனி டைவ் சரி. காற்று இருக்கும்போது திரும்புவதையே தாங்காத ஆளைத் தனியாக அனுப்பினால் அவரைத் திருப்ப அங்கே யார் இருக்கிறார்கள்?


ஒற்றைத்தும்பி எழுதியது:

நியாயம். அதை நான் யோசிக்கவில்லை.


கரையோரம் எழுதியது:

நான் டைவர் இல்லை. என் கணவர் ரீபிரீதரில் ஆழ டைவ் செய்கிறவர், பதினொரு வருடமாக. இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

ஒவ்வொரு டைவுக்கு முன்பும் ஒரு தாளில் எழுதித் தருவார்: எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணிக்குள் போன் வரும், எத்தனை மணிக்கு மேல் ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும். ஒரு முறை 4:40 என்று எழுதியிருந்தது. 4:40 ஆனது, 5 ஆனது. அவருடைய சுவாசக் குழாய்கள் முந்தின நாள் கழுவிக் குளியலறையில் தொங்கவிட்ட இடத்தில் இன்னும் சொட்டின ஈரம் தரையில் வட்டமாக இருந்தது, அதைத் துடைக்கப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 6:30க்குப் போன் வந்தது. கூட்டாளிக்கு டெக்கோவில் (மேலே வரும் வழியில் நின்று நின்று காத்திருக்கும் நேரத்தில்) தோள்வலி வந்ததால் நிறுத்தங்களை நீட்டித்துப் பக்கத்திலேயே இருந்தாராம். "விட்டுட்டு வர முடியல" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, இரண்டையும் சொன்னேன்.

வீட்டில் அவர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. நீருக்குள் சைகைக்குச் சைகை பதில் சொல்கிறவர் இங்கே நான் மூன்று தடவை கேட்டால் ஒரு தடவை பதில் சொல்வார். ஒருநாள் சண்டையில் இதையே சொன்னேன், அங்கே கொடுக்கிற மரியாதையை எனக்கும் கொடுங்கள் என்று. அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். போன வருடம் 95 மீட்டர் டைவ் ஒன்றுக்கு மூன்று மாதம் தயாரான பிறகு, கிளம்புவதற்கு முந்தின இரவு, எனக்கு இது சரியாகப் படவில்லை என்றேன். காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. அவர் தூங்கவில்லை, அங்கும் இங்கும் நடந்தார். காலையில் டீமுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் மூன்று பேரும் போகாமல் நாளை மாற்றினார்கள், ஒருவர்கூட என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களோடு போகிறார் என்பதால்தான் எனக்கு அந்தத் தாளில் எழுதியிருக்கும் நேரத்தின் மேல் நம்பிக்கை.

மெல்லலை, உங்கள் வீட்டிலும் யாராவது அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் தெரியாது.


வேகமானி எழுதியது:

கரையோரம் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் முதல் பதிலில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன், முகபாவம் அவரவர் சொந்த விஷயம் என்றது தப்பு. டீமில் இருப்பவரின் முகம் டீமுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஆளை விட்டுவிட வேண்டும் என்பதை இப்போதும் ஏற்கவில்லை. அவரிடம் யாராவது நேரில் சொல்லியிருக்கிறார்களா? மெல்லலை எழுதியதில் அப்படி ஒரு வரியும் இல்லை.


சுவர்வெளிச்சம் எழுதியது:

குகை டைவிங் கற்றுக்கொடுக்கிறேன். இழை முழுவதும் படித்தேன், வேகமானி கடைசியாகக் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

மாணவர்களிடம் நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். மிதவைக் கட்டுப்பாடு, ஃபின், வால்வு எல்லாம் பழகினால் வரும். நான் பார்ப்பது விளக்கை. குகையில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் தெரிய மாட்டார், ஆனால் பின்னவரின் விளக்கு வட்டம் பக்கத்துச் சுவரில் விழும். அது மெதுவாக, ஒழுங்காக நகர்ந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். அங்கும் இங்கும் துள்ளினால் ஏதோ தேடுகிறார். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். பேசாமலேயே மனநிலை தெரிகிற ஒரே இடம் அதுதான். நல்ல மாணவர் சில நிமிடங்களுக்கொரு தடவை அந்த வட்டத்தைத் தேடுவார். சிலருக்கு இது தோன்றவே தோன்றாது, அவர்களுக்கு முன்னால் குகை மட்டும்தான் இருக்கும். திறமையில் முதல் இடத்தில் இருப்பவர்கள் இதில் கடைசியாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்து வெளியே வரும் பயிற்சி. பின்னவர் முன்னவரின் கையையோ காலையோ பிடித்துக்கொள்வார். முன்னே தள்ளினால் போ, அழுத்திப் பிடித்தால் நில், இழுத்தால் பின்னால் வா. முன்னால் போகிறவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதில் ஆளைப் படித்துவிடலாம். தன் பின்னால் ஒரு கை இருக்கிறது என்பதை மறந்து கயிற்றோடு ஓடுகிறவர் உண்டு. ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, பின்னால் இருக்கும் கையை எடுத்து முடிச்சின் மேல் வைத்து, அது தாண்டிவிட்டதா என்று காத்திருந்து போகிறவரும் உண்டு. அவரோடு நான் எங்கே வேண்டுமானாலும் போவேன்.

காற்று விஷயமும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. அதிகம் மூச்சிழுக்கிறவரின் அளவை வைத்துத்தான் டீம் திரும்புகிறது. அவருக்கு அது கூச்சம். கேலி செய்கிற டீமில் அவர் அளவைக் குறைத்துச் சொல்வார், மூச்சைப் பிடித்து வைப்பார். மூச்சைப் பிடித்தால் கரியமில வாயு ஏறும், தலைவலி வரும், பதற்றம் வரும், கடைசியில் இன்னும் அதிகம் இழுப்பார். ஆழம் இதோடு சேர்ந்தால் கதை வேறு. சாதாரணக் காற்றில் 40 மீட்டரில் ஒருவரிடம் நீங்கள் பார்ப்பது அவருடைய குணத்தை இல்லை, நைட்ரஜன் மயக்கம் கலந்த குணத்தை. மேலே கலகலப்பானவர் அங்கே எரிச்சல்காரராக, ஒரே வேலையில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸில் அதே ஆழத்தில் அதே ஆளைப் பார்த்து, இவர்தானா அவர் என்று வியந்திருக்கிறேன். அதனால் "அவர் அப்படிப்பட்டவர்" என்று முடிவுகட்டுமுன் எந்த வாயுவில் பார்த்தோம் என்று கேளுங்கள்.

மெல்லலைக்கு நான் சொல்வது. பேசுங்கள், ஆனால் டைவ் முடிந்த அந்த இடத்தில் வேண்டாம், சாமான் எல்லாம் அடுக்கிய பிறகு வேறு நாளில். "நீ முகத்தைத் திருப்பினாய்" என்று தொடங்காதீர்கள். "நான் கையை இறக்கினேன்" என்று தொடங்குங்கள். அப்புறம் ஒரு பயிற்சி டைவ் போங்கள். எளிதான, பழகிய பாதை. இறங்குமுன் இருவரும் தத்தம் குறிப்புப் பலகையில் ஒரு நிமிட எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், காட்டிக்கொள்ள வேண்டாம். யார் எண் முதலில் வருகிறதோ அவர் கட்டைவிரலைக் காட்ட வேண்டும், காரணம் இல்லாமல். திரும்பி வாருங்கள். என் மாணவர்களுக்கு இதை மூன்று தடவையாவது செய்ய வைக்கிறேன். கை அந்த வழியில் போய்ப் பழக வேண்டும்.


மெல்லலை எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். எல்லாப் பதில்களையும் பல தடவை படித்தேன்.

முதலில் விளக்கு. பிரித்துப் பார்த்தபோது கேபிள் நுழைகிற இடத்தில் நீர் கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் அணைந்திருக்கும். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன், வேறு ஒன்றும் எழுதவில்லை. "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன்.

சுவர்வெளிச்சம் சொன்ன மாதிரி, நான் கையை இறக்கினேன் என்றுதான் தொடங்கினேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "நீ காட்டாமல் விட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்றார், வேகமானி எழுதியது அப்படியே. நான் ரீல் சுற்றுவதைச் சொன்னேன், 158 பார் என்றதைச் சொன்னேன். அப்படிச் சொன்ன நினைவே அவருக்கு இல்லை. அன்று அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். கூரை மண் உதிர்ந்த அன்று தானும் அதைப் பார்த்ததாகவும், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நான் காட்டிவிட்டதாகவும் சொன்னார். "நான் காட்டியிருக்க வேண்டியது. மேலே வந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை." இதை அவர் சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது. நான்கு வருடத்தில் அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. முதுகுக்கு நான் கொடுத்த அர்த்தம் வேறாக இருந்திருக்கிறது. ஆனாலும் என் கை இறங்கியது இறங்கியதுதான், அதை அவரிடமும் சொன்னேன்.

அப்புறம் எண் எழுதும் டைவ் போனோம். நான் 19 எழுதினேன். 11-ஆவது நிமிடம் அவர் காட்டிவிட்டார். பதிலுக்கு நானும் காட்டினேன், ஆனால் அதற்குள் என் விளக்கு வட்டம் சுவரில் முன்பக்கமாக ஒரு தாவு தாவியதை நானே பார்த்தேன். பயிற்சி என்று தெரிந்தும், காரணம் இல்லை என்று தெரிந்தும், எனக்குள் ஏமாற்றம் வந்தது. மேலே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் வெளிச்சம் ஏன் முன்னால் ஓடியது?" என்பதுதான். ஏமாற்றமாக இருந்தது என்றேன். "இருக்கத்தான் செய்யும்" என்றார். அன்று அப்படி இரண்டு முறை, மறு வாரம் ஒரு முறை போனோம்.

பழையகயிறு ஐயா, நீங்கள் கேட்ட அந்தக் காற்றறைக் கேள்வியை அவரிடமே கேட்டேன். "யார் குறைவாக மூச்சிழுக்கிறோமோ அவர் போக வேண்டும், அது நீ" என்று உடனே சொன்னார். அதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

நாளை மறுநாள் மறுபடி போகிறோம். முதன்மைக் கயிற்றில் 400 மீட்டருக்கு மேல் இல்லை. கிளைப் பாதை இந்த வருடம் வேண்டாம் என்று நான் சொன்னேன். சரி என்றார். முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.


கரையோரம் எழுதியது:

நேரத்தை எழுதி வைத்துவிட்டுப் போங்கள், மெல்லலை.